சங்கத்துக் கம்ப்யூட்டரும் சிறு விவசாயியின் சீட்டும்

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களின் மேஜைகளில் தடித்த பேரேடுகள் குறைந்துகொண்டு வருகின்றன. அந்த இடத்தில் கம்ப்யூட்டர் அமர்ந்துவிட்டது. பால் சங்கத்தில் பாத்திரத்தைத் தராசின் மீது வைத்ததும் எண் தானாக விழுகிறது. உரக் கடையில் கைரேகை பதிந்த பிறகே யூரியா மூட்டை வெளியே வருகிறது. இவை அனைத்துக்கும் உள்ளே இருந்து வேலை செய்வது சாப்ட்வேர் எனப்படும் மென்பொருள். பெரிய வியாபார நிறுவனங்களுக்கென்று தோன்றிய இந்த மென்பொருள்கள் இன்று இரண்டு ஏக்கர் விவசாயியின் கடன், பால் பணம், உரம் ஆகிய மூன்றையும் எழுதி வைக்கின்றன. அவை எதை எழுதுகின்றன, எழுதியதை மாற்றக்கூடியவர் யார் என்பதை விவசாயிகள் தெரிந்துவைத்துக்கொள்வது அவசியமாகிவிட்டது.

நாடு முழுவதும் 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கம்ப்யூட்டர் மயமாக்கும் திட்டத்துக்கு 2022 ஜூன் மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அப்போது மதிப்பிடப்பட்ட செலவு 2,516 கோடி ரூபாய். பின்னர் சங்கங்களின் எண்ணிக்கையும் தொகையும் கூட்டப்பட்டன. நபார்டு வங்கி முன்னின்று நடத்தும் இத்திட்டத்தில் தமிழ்நாட்டின் நாலாயிரத்துக்கு மேற்பட்ட சங்கங்களும் இருக்கின்றன. எல்லாச் சங்கங்களுக்கும் ஒரே மாதிரியான மென்பொருள், மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியுடன் இணைப்பு, பழைய பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுதல், ஊழியர்களுக்குப் பயிற்சி ஆகியவை அதில் அடக்கம்.

திட்டம் நல்லதுதான். சங்கக் கணக்கு மூன்று வருடம் தணிக்கை முடியாமல் கிடந்த காலத்தைக் கண்ட ஊர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, இனி தவறே நடக்காது என்று விவசாயிகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அது பெரிய ஆபத்தில் முடியும்.

மென்பொருள் என்றதும் ராக்கெட்டையும் விஞ்ஞானக் கூடத்தையும் நினைத்து மலைக்க வேண்டியதில்லை. வியாபாரக் கணக்குக்காகக் கம்ப்யூட்டரை முதன்முதலில் வாராவாரம் ஓட்டியது லண்டனில் டீக்கடைகளும் பேக்கரிகளும் நடத்திய ஜே. லயன்ஸ் கம்பெனி. 1951 நவம்பரில் அவர்களுடைய 'லியோ' என்ற கம்ப்யூட்டர் போட்ட முதல் கணக்கு ரொட்டி, கேக் தயாரிப்பின் செலவும் மதிப்பும்தான். ரொட்டிக் கடைக் கணக்கில் தொடங்கிய விஷயம் பால் சங்கத்துக்கு வந்து சேர எழுபது வருடம் ஆகியிருக்கிறது, அவ்வளவே.

வியாபார மென்பொருள்களின் வகைகளைப் புரிந்துகொள்ள ஓர் எளிய வழி உண்டு. ஒவ்வொரு மென்பொருளும் எந்தப் பழைய நோட்டுப் புத்தகத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது என்று பார்த்தால் போதும். சிட்டை, பேரேடு, ஐந்தொகை ஆகியவற்றின் இடத்தைப் பிடித்தது கணக்கு மென்பொருள். பெங்களூரில் 1986-ல் தொடங்கிய நிறுவனத்தின் 'டேலி' இந்த வகையைச் சேர்ந்தது. சந்தைப்பேட்டை மண்டிகளிலிருந்து உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகள் வரை பல இடங்களில் அதைக் காணலாம். கிடங்கின் இருப்புப் புத்தகத்துக்குப் பதிலாக வந்தது சரக்கு மென்பொருள். உரக் கடையின் கைரேகைக் கருவிக்குள் இருப்பதும் ஏறக்குறைய இதே வகைதான். ஊழியர் சம்பளப் பட்டியலுக்கு ஒன்று, கடன் லெட்ஜருக்கு ஒன்று, பால் வரவுப் புத்தகத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கின்றன. இவை எல்லாவற்றையும் ஒரே நூலில் கோத்தது ஒருங்கிணைந்த மென்பொருள். கூட்டுறவுச் சங்கங்களுக்கு இப்போது வருவது இந்தக் கடைசி வகை.

இதற்கும் பழைய புத்தகங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். பயிர்க்கடனில் உரப் பகுதியாக ஓர் அங்கத்தினர் இரண்டு மூட்டை டி.ஏ.பி. வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்பு இதே விஷயம் நாலு புத்தகங்களில் ஏறியது. கிடங்கு இருப்பில் இரண்டு மூட்டை குறையும். விற்பனைப் புத்தகத்தில் இரண்டு கூடும். அங்கத்தினரின் கடன் பேரேட்டில் தொகை ஏறும். கடைசியில் நாளின் சிட்டையில் பதிவாகும். நாலும் கையால், சில சமயம் இருவர் கையால் எழுதப்படும். ஒன்றில் தவறினால் மற்றதோடு ஒத்துப்பார்க்கும்போது பிடிபட்டுவிடும். வேலை அதிகம் என்றாலும் காவலும் அதிலேயே இருந்தது.

ஒருங்கிணைந்த மென்பொருளில் ஒரு தடவை தட்டினால் நாலு இடத்திலும் ஏறிவிடுகிறது. வேலை மிச்சம் என்பது உண்மை. ஆனால் ராமசாமிக்குப் போட வேண்டியதைக் குப்புசாமி பெயரில் தட்டிவிட்டால் அந்தத் தவறும் நாலு இடத்திலும் ஒழுங்காக ஏறிவிடும். எல்லாக் கணக்கும் ஒன்றோடொன்று பைசா சுத்தமாக ஒத்துப்போகும். தணிக்கையாளருக்கும் அது எளிதில் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கக்கூடியவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான், ராமசாமியும் குப்புசாமியும். இருவர் கையிலும் சீட்டு இருந்தால் மட்டுமே அதுவும் நடக்கும்.

இது வெறும் கற்பனைப் பயம் என்று நினைப்பவர்கள் பிரிட்டனில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே கிராமங்களிலும் சிறு நகரங்களிலும் தபால் நிலையங்களைப் பெரும்பாலும் மளிகைக் கடை நடத்துபவர்களே ஒப்பந்தத்தில் நடத்திவருகிறார்கள். இங்குள்ள சங்கச் செயலாளரைப் போல ஊருக்கெல்லாம் தெரிந்த மனிதர்கள் அவர்கள். 1999 முதல் அந்தத் தபால் நிலையங்களில் 'ஹொரைசன்' என்ற கணக்கு மென்பொருள் புகுத்தப்பட்டது. சிறிது காலத்திலேயே பல இடங்களில் பெட்டியில் உள்ள பணத்துக்கும் திரையில் உள்ள தொகைக்கும் வித்தியாசம் வரத் தொடங்கியது. குறைந்த பணத்தைக் கட்டும் பொறுப்பு ஒப்பந்தப்படி தபால் நிலையத்தை நடத்துபவருடையது. வீட்டை அடமானம் வைத்துக் கட்டியவர்கள் பலர். கட்ட முடியாதவர்கள் மீது திருட்டு, பொய்க் கணக்கு என்று வழக்குகள் பாய்ந்தன. 900-க்கு மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்கும் போனார்கள். கம்ப்யூட்டர் சரியாகத்தான் வேலை செய்திருக்கும் என்று நீதிமன்றங்களே அனுமானித்துக்கொண்டன.

உண்மை வெளிவர இருபது வருடம் ஆயிற்று. ஆலன் பேட்ஸ் என்ற முன்னாள் தபால் நிலையக்காரர் முன்னின்று 555 பேர் தொடுத்த வழக்கில், அந்த மென்பொருளில் பிழைகள் இருந்தன என்றும், தபால் நிலையக்காரருக்குத் தெரியாமலே வெளியிலிருந்து அவர் கணக்கில் கை வைக்க முடிந்தது என்றும் 2019 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தண்டனைகளைக் கூண்டோடு ரத்து செய்ய 2024 மே மாதத்தில் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

அந்தப் பிழைகளில் ஒன்றை மட்டும் இங்கே சொன்னால் போதும். ஸ்காட்லாந்தில் டால்மெல்லிங்டன் என்ற ஊரின் தபால் நிலையத்தில் 2015-ல் 8,000 பவுண்டு ரொக்கம் வந்ததைப் பதியும்போது திரை அசையாமல் நின்றுவிட்டது. அந்த அம்மையார் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தினார். நாலு தடவை பதிவாகி 32,000 பவுண்டு வந்ததாகக் கணக்கு ஏறியது. இல்லாத 24,000 பவுண்டுக்கு அவர் பொறுப்பாளியாக நின்றார். இந்தப் பிழை 2010-லிருந்தே இருந்துவந்தது என்பது பிறகு விசாரித்தபோது தெரிந்தது. லைன் கிடைக்காமல் திரை நின்றுபோவதும், பொத்தானை இரண்டு தடவை அழுத்துவதும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடக்காத காரியமா என்ன?

சங்கக் கணக்கு பழைய பேரேட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறும் நாள்தான் எல்லாவற்றிலும் முக்கியமான நாள். அன்றைக்கு ஒவ்வோர் அங்கத்தினரின் பங்குத் தொகை, பயிர்க்கடன் நிலுவை, நகைக்கடன், வைப்புத் தொகை, கெடு தேதி ஆகியவை ஆரம்ப இருப்பாக ஏற்றப்படுகின்றன. இந்த வேலை பல இடங்களில் அவசரமாக, வெளியாட்களை வைத்தும் செய்யப்படுவதுண்டு. கையெழுத்துப் புரியாத பேரேட்டைப் பார்த்து, ஊரையே பார்த்திராத ஒரு பையன் தட்டுகிறான். ஒரே ஊரில் ஒரே பெயருடைய நாலு முருகேசன்கள் இருப்பார்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்தும் ஒன்றாகவே இருக்கும். அன்று தவறாக ஏறியது, பிறகு எத்தனை வருடமானாலும் சரியானதாகவே நின்றுவிடும். பழைய பேரேடு பரண் மேல் போய்விடும். கரையானுக்கு அது எப்போதுமே பிடித்த தீனி.

தேதியும் தொகையைப் போலவே முக்கியம். தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் வட்டி இல்லை. கெடு தவறினால் வட்டி உண்டு. பழைய காலத்துச் செயலாளர் ஆளைப் பார்த்து, "நேத்தே கொண்டுவந்த பணம்தானே" என்று எழுதிவிடுவார். கம்ப்யூட்டருக்கு முகம் பார்க்கத் தெரியாது. கெடு தேதி தவறாக ஏறியிருந்தால், நாணயமாகக் கட்டிய விவசாயியும் தவணை தவறியவர் பட்டியலில் வந்துவிடுவார். அடுத்த பருவத்துக் கடன் அங்கேயே நின்றுவிடும்.

தள்ளுபடிக் காலத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியவரும். 2021 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு 16 லட்சத்து 43 ஆயிரம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. அதே ஆண்டு பின்னர் அறிவிக்கப்பட்ட நகைக்கடன் தள்ளுபடியில் கடன் கணக்குகளை ஆதார், குடும்ப அட்டை விவரங்களோடு கம்ப்யூட்டரில் ஒத்துப்பார்த்துத் தகுதி முடிவு செய்யப்பட்டது. பல சங்கங்களில் முறைகேடு பிடிபட்டது அதனால்தான். அந்த வகையில் கம்ப்யூட்டர் செய்தது பெரிய உபகாரம். ஆனால் எந்த எண் திரையில் இருக்கிறதோ அதுவே விவசாயியின் தலையெழுத்து என்பதும் அன்றே தீர்மானமாகிவிட்டது. ஆதார் எண்ணில் ஓர் இலக்கம் தவறியிருந்தால் அதைத் திருத்த அலைய வேண்டியவர் விவசாயிதானே தவிர மென்பொருள் எழுதியவர் அல்ல.

பால் சங்கத்தின் விஷயம் தினசரி விஷயம். எடை, கொழுப்பு, கொழுப்பு நீங்கலான திடச்சத்து ஆகிய மூன்றையும் கருவிகள் அளந்து கம்ப்யூட்டருக்குக் கொடுக்கின்றன. மென்பொருள் விலை அட்டவணையைப் பார்த்துப் பெருக்கிப் பணத்தைப் போடுகிறது. பெருக்கலில் அது தவறுவதில்லை. தவறு வருவதெல்லாம் அதற்கு முன்னால்தான். பகுப்பாய்வுக் கருவியைச் சரியாகக் கழுவாமல் அடுத்தவர் பாலை ஊற்றினால் அளவு மாறும். தராசில் வெறும் பாத்திரத்தின் எடையைக் கழிக்காமலோ, கூடுதலாகக் கழித்தோ வைத்திருந்தால் லிட்டர் மாறும். ஆறு லிட்டர் ஊற்றுபவருக்கு 5.8 லிட்டர் என்று விழுந்தால் பார்வைக்கு அற்பமாகத் தோன்றும். லிட்டர் 35 ரூபாய் என்று வைத்தாலும் தினம் 7 ரூபாய், மாதம் 210 ரூபாய். ஒரு மாட்டுக்காரருக்கு அது தவிட்டுச் செலவில் ஒரு பங்கு. எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்க வேண்டும் என்பது சட்டம். முத்திரைச் சான்று எங்கே மாட்டியிருக்கிறது என்று கேட்பதில் யாருக்கும் கோபம் வரக் கூடாது. அப்படிக் கோபம் வரும் சங்கத்தில் இன்னும் ஒரு தடவை கேட்பது நல்லது.

பால் சீட்டில் எடை, கொழுப்பு, திடச்சத்து, விலை, தொகை ஆகிய ஐந்தும் அச்சாக வேண்டும். தொகையை மட்டும் போட்டுக் கொடுக்கும் சீட்டால் எதையும் சரிபார்க்க முடியாது. இந்தச் சீட்டுகள் பெரும்பாலும் சூட்டில் எழுத்து விழும் காகிதத்தில் வருவதால் சில மாதங்களில், சட்டைப் பையில் வைத்தால் அதற்கும் முன்பே, எழுத்து மங்கிவிடுகிறது. வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டில் அன்றன்றே பேனாவால் எழுதிவைக்கும் பெண்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். அந்த நோட்டுக்கு நிகரான தணிக்கை எந்த மென்பொருளிலும் இல்லை.

செல்போனில் தகவல் வருகிறதே, சீட்டு எதற்கு என்று சில ஊழியர்கள் கேட்கிறார்கள். தகவல் போகும் எண் திருப்பூரில் வேலை செய்யும் மகனுடையதாக இருக்கிறது. இல்லாவிட்டால் ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய எண்ணாக இருக்கிறது. வந்தாலும் ஆங்கிலத்தில் வருகிறது. வரவா, பற்றா என்பதே புரியாத தகவலால் என்ன பயன்? தமிழில் சீட்டு அச்சிடுவது இன்றைய கம்ப்யூட்டருக்கு ஒரு பொருட்டே அல்ல. செய்யச் சொல்லிக் கேட்பவர்கள் இல்லாததே குறை.

உரக் கடையின் கைரேகைக் கருவி 2018-க்குள் நாடு முழுவதும் வந்துவிட்டது. கருவியில் விற்பனை பதிவான பிறகுதான் கம்பெனிக்கு அரசு மானியம் போகிறது. ரசீதில் மூட்டைகளின் எண்ணிக்கை, விலை, மானியத் தொகை எல்லாம் இருக்கும். இரண்டு மூட்டை வாங்கியவர் பெயரில் பத்து மூட்டை ஏறியிருக்கிறதா என்பதை அந்த ரசீதில்தான் காண முடியும். "ஒரு தடவை விரலை வையுங்கள்" என்று தெரிந்த கடைக்காரர் கேட்டால் தட்ட முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் வாங்காத மூட்டைக்கு வைக்கும் ரேகை, படிக்காமல் புரோநோட்டில் வைக்கும் ரேகைக்குச் சமம்.

உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகளில் பங்குதாரர்களாக உள்ள விவசாயிகளுக்கு ஒரு விஷயத்தில் சட்டமே துணை நிற்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிச் சட்டப்படி பதிவான எந்தக் கம்பெனியும் கம்ப்யூட்டரில் கணக்கு எழுதினால், ஒவ்வொரு திருத்தத்தையும் அது எந்தத் தேதியில் செய்யப்பட்டது என்பதையும் தானே குறித்துவைக்கும் மென்பொருளில்தான் எழுத வேண்டும். அந்தக் குறிப்பை நிறுத்திவைக்கவும் முடியாதபடி இருக்க வேண்டும். உற்பத்தியாளர் கம்பெனிகளுக்கும் இது பொருந்தும். பழைய பேரேட்டில் அடித்துத் திருத்தினால் அடித்த இடம் தெரியும், பக்கத்தில் சுருக்கொப்பம் இருக்கும். கம்ப்யூட்டரில் அடித்த தடம் தெரியாமல் போய்விடக் கூடாது என்பதற்காக வந்த விதி இது. ஆனால் சில கம்பெனிகளில் பங்குதாரர் கணக்கும் கொள்முதல் கணக்கும் இன்னும் 'எக்செல்' கட்டங்களில்தான் ஓடுகின்றன. 1979-ல் 'விசிகால்க்' என்ற பெயரில் இத்தகைய கட்டக் கணக்கு மென்பொருள் முதலில் விற்பனைக்கு வந்ததிலிருந்து, மதிப்பீடு போட்டுப் பார்க்க இதைவிட நல்ல சாதனம் கிடையாது. மஞ்சளுக்கு என்ன விலை கிடைத்தால் என்ன லாபம் என்று பார்க்கலாம். அங்கத்தினரின் பணத்துக்கு அது பேரேடு ஆகாது. ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றிவிட்டால், நேற்று என்ன இருந்தது என்பதைச் சாதாரணமாக யாராலும் சொல்ல முடியாது. ஆண்டுக் கூட்டத்தில் கணக்கை வாசிக்கும்போது, இது எந்த மென்பொருளில் எழுதியது, திருத்தப் பதிவு இருக்கிறதா, தணிக்கையாளர் அதைப் பார்த்தாரா என்று ஒரு விவசாயி எழுந்து கேட்டாலே நிர்வாகம் உஷாராகிவிடும்.

கூட்டுறவுச் சங்கங்களுக்கு அந்தக் கம்பெனிச் சட்ட விதி பொருந்தாது. அதனால்தான் அங்கே அங்கத்தினர்களின் கண்காணிப்பு இன்னும் கூடுதலாக வேண்டியிருக்கிறது. கம்ப்யூட்டருக்குள் போகும் ரகசியச் சொல் செயலாளருக்கு ஒன்று, காசாளருக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்க வேண்டும். ஒரே ரகசியச் சொல்லைச் சுவரில் எழுதிவைத்து நாலு பேர் தட்டினால், நாளைக்குத் தவறு வரும்போது யார் தட்டியது என்று நிரூபிக்க வழியில்லை. ஊழியர்களின் பாதுகாப்புக்கும் இதுவே நல்லது. பிரிட்டனில் மாட்டிக்கொண்டவர்கள் கடைசி நிலையில் இருந்த தபால் நிலையக்காரர்கள்தானே தவிர, மென்பொருள் கம்பெனியின் பெரிய அதிகாரிகள் அல்லர். சங்கத்தில் ஒரு தொகை உதைத்தால் முதலில் சஸ்பெண்டு ஆகப்போவதும் விற்பனையாளரும் செயலாளரும்தான். ஆகவே சீட்டு கேட்கும் விவசாயியை ஊழியர்கள் எதிரியாக நினைப்பதில் அர்த்தமில்லை.

பேப்பர் செலவு, மை செலவு என்று சொல்லப்படும் ஆட்சேபனை நிற்காது. ஒரு சங்கத்துக்குச் சராசரியாக ஏறக்குறைய நாலு லட்சம் ரூபாய் என்று திட்டமிடப்பட்ட வேலையில், ஆயிரம் அங்கத்தினர்களின் இருப்பை ஒரு தடவை அச்சடிக்க ஆகும் காகிதம் என்ன பெரிய செலவு?

இன்னும் கணக்கு மாற்றம் முடியாத சங்கங்கள் செய்ய வேண்டியது இதுதான். பழைய பேரேட்டிலிருந்து ஏற்றிய ஆரம்ப இருப்பை ஒவ்வோர் அங்கத்தினருக்கும் தமிழில் தனித் தாளாக அச்சடித்துக் கொடுத்து, பேரேட்டோடு ஒத்துப்பார்க்க இரண்டு வாரம் அவகாசம் தர வேண்டும். ஆட்சேபனைகளை எழுத்தில் வாங்கி ரசீது கொடுக்க வேண்டும். அவை தீரும் வரை பழைய பேரேட்டைப் பூட்டி வைக்காமல் மேஜை மேலேயே வைத்திருக்க வேண்டும். மாற்றம் முடிந்துவிட்ட சங்கங்களில் விவசாயிகள் பாஸ்புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், கம்ப்யூட்டரில் உள்ள தங்கள் கணக்கை ஒரு தாளில் அச்சடித்துக் கேட்கலாம். தன் கணக்கைப் பார்க்கக் கேட்பது அங்கத்தினரின் உரிமை. அறுவடை முடிந்து கடன் கட்டும் கூட்டம் சேர்ந்துவிட்டால் கவுன்ட்டரில் யாருக்கும் பதில் சொல்ல நேரம் இருக்காது. அதற்கு முந்தைய மாதத்தில், மதியம் மூன்று மணிக்கு மேல் போனால் செயலாளரும் ஓய்வாக இருப்பார், பிரிண்டரும் ஓய்வாக இருக்கும்.